வள்ளித்தாய் வாசலில் கேட்கும் கேள்வி

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் பதினோராம் நம்பர் அறை வள்ளித்தாயின் அறை. காகிதக் குழாய்களில் வெடிமருந்து செலுத்துகிற இடம். நான்கு பேருக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது. அந்த நான்கு பேரில் மற்ற மூவரும் காலையில் வள்ளித்தாயைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். வாசலை மறித்துக்கொண்டு ஒவ்வொருத்தியிடமும் ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"மாத்திரை எதும் போட்டீகளா?"

சளி மாத்திரையோ தலைவலி மாத்திரையோ, போட்டேன் என்று சொன்னால் அன்றைக்கு அறை கிடையாது. வெடிமருந்தே இல்லாத லேபிள் கொட்டகைக்குப் போய் ஒட்டுகிற வேலை பார்க்க வேண்டியதுதான். இது போர்மேன் போட்ட சட்டம் இல்லை, அவளாகப் போட்டது. 2001இல், தீபாவளி சீசன் நெருக்கடியில், சளி மாத்திரை போட்டு வந்த ஒருத்தி அந்த அறையில் கண் சொக்கிச் சாய்ந்துவிட்டாள். அவள் முழங்கை பட்டு வெடிமருந்துத் தட்டு வழுக்கிக்கொண்டு போனது. வள்ளித்தாய் பாய்ந்து இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தாள். நான்கு பேரும் முழுசாக வீட்டுக்குப் போனது அந்தப் பிடியால்தான். மறுநாள் காலையில் தொடங்கிய கேள்வியை அவள் ஒரு நாளும் விட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் 'மாத்திரைப் போலீஸ்' என்று சிரித்தார்கள். சிரித்தவர்களும் அவள் அறையில்தான் வேலை கேட்டார்கள்.

அப்பேர்ப்பட்டவள், 2006 மாசியில், மாத்திரையை முன்னால் வைத்துக்கொண்டு தானே திண்டாடினாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பின்னால் கருவேல விறகு வெட்டிக்கொண்டிருந்தான் அவள் புருஷன் சங்கிலிமுத்து. வள்ளித்தாய் கொப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெட்டுக்கத்தி கொப்பின் கணுவில் பட்டுத் தெறித்து அவள் வலது உள்ளங்கையில் இறங்கிவிட்டது. மதுரை பெரியாஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் ஆப்ரேஷன். நடுவிரலையும் மோதிர விரலையும் மடக்குகிற தசைநார் அறுந்து போயிருந்தது, அதை இழுத்துத் தைத்தார்கள்.

விரலுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்த இசைவாணி என்ற பெண் ஒளிவுமறைவு இல்லாமல் பேசினாள். "ரெண்டு மணி நேரத்துக்கொரு தடவை இடது கையால அந்த விரலை மடக்கணும்மா, பத்துப் பத்து தடவை. ஒரு மாசத்துல உள்ளங்கையைத் தொடணும். இல்லேன்னா தச்ச இடம் ஒட்டிக்கிடும், விரல் கம்பு மாதிரி நின்னுரும். வலிக்கும். அதனால மடக்குறதுக்கு அரைமணி நேரம் முன்னாடி, நாங்க எழுதின நேரத்துக்கு இந்த மாத்திரையைப் போட்டுக்கங்க. கொஞ்சம் கிறக்கமா இருக்கும், பயப்படாதீங்க."

கிறக்கம் என்ற சொல் காதில் விழுந்ததும் வள்ளித்தாய் முடிவு கட்டிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் மாத்திரை அட்டையைப் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் தள்ளினாள். பல்லைக் கடித்துக்கொண்டு விரலை மடக்கினாள். வேர்த்து ஊற்றும், உதடு வெளுத்துவிடும், சத்தம் மட்டும் வராது. தெருவே வந்து பார்த்துவிட்டு, எம்புட்டு நெஞ்சுரம் என்று மெச்சிவிட்டுப் போனது. மெச்ச வந்தவர்களில் ஒருத்தராவது அந்த விரலைப் பார்த்திருக்கலாம். யார் பார்த்தார்கள்?

பன்னிரண்டாம் நாள் இசைவாணி அளவுகோலை வைத்துப் பார்த்தாள். விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே முதல் நாள் இருந்த தூரம் அப்படியே இருந்தது.

"நீங்க மடக்குறதா நெனச்சுக்கிட்டு இருக்கீங்க. வலி வந்ததும் கை தானா பாதியில நின்னுருது. மாத்திரை போடுறீங்களா, இல்லையா?"

வள்ளித்தாய் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு எழுந்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் சங்கிலிமுத்து ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே சொன்னான். "வெட்டுனவன் நான். ஒனக்கு அந்தக் கை போயிருச்சுன்னா நான் சோறு திங்க முடியாது புள்ள." அவன் மேல் அவளுக்குக் கோபமே கிடையாது. அதைச் சொல்லியிருக்கலாம், சொல்ல வரவில்லை.

மறுநாள் அதே அறையில் வேலை பார்க்கும் ராமுத்தாய் பார்க்க வந்தாள். சங்கிலிமுத்து எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட்டான். அவள் அடுப்படிக்குப் போய் டப்பாக்களை நகர்த்தி, அட்டையை எடுத்துவந்து பாயில் வைத்தாள்.

"மதினி, போன ஐப்பசியில தலைவலி மாத்திரை போட்டேன்னு என்னைய வெளிய அனுப்புனீக. மாத்திரை போட்டது தப்புன்னா சொன்னீக?"

"நான் எங்க அப்படிச் சொன்னேன். தலைவலிக்கு மாத்திரை போடாம என்ன செய்வாக."

"பொறவு என்ன சொன்னீக?"

"கொட்டகையில ஒக்காரு, தெளிஞ்ச பொறவு வான்னேன்."

"இப்ப நீங்க ஒக்காந்திருக்கது பாயில. இங்கன எங்க தட்டு இருக்கு? கண்ணு சொக்குனா தலகாணியிலதான் விழுவீக. அம்புட்டுத்தான்."

வள்ளித்தாய் அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். "எனக்குப் பயமா இருக்கு ராமுத்தாயி. கண்ணை மூடுனா அந்தத் தட்டு வழுக்குறதுதான் தெரியுது. அன்னைக்குப் பிடிச்ச கை இது. இதுவும் மடங்கலேன்னா நாளைக்கு எதை வச்சுப் பிடிப்பேன்?"

சொல்லி முடித்தபோது அவளுக்கே விளங்கிவிட்டது. எந்தப் பயத்தால் மாத்திரையை ஒதுக்கினாளோ அதே பயத்துக்காகத்தான் மாத்திரையைப் போட வேண்டும். இடது கையை நீட்டித் தண்ணீர் கேட்டாள்.

சங்கிலிமுத்து கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்து அரைமணி கணக்குப் பார்த்தான். அன்றைக்கு விரல் பாதியைத் தாண்டிப் போனது. வலிதான், ஆனால் கை விட்டுக்கொடுத்தது. பன்னிரண்டு நாளும் அழாதவள் அப்போது அழுதாள். எழுதிக்கொடுத்த நேரம் தவறாமல் மாத்திரை, கண் சொக்கினால் தூக்கம், விழித்தால் விரல் என்று பதினெட்டு நாளை ஓட்டினாள். முப்பதாம் நாள், இசைவாணி அளவுகோலை எடுக்கவே இல்லை. இரண்டு விரலும் உள்ளங்கையில் போய் உட்கார்ந்துவிட்டன.

ஆனி மாதம், விரலை முழுசாக மடக்கி விரித்துக் காட்டி டாக்டரிடம் சரி வாங்கிக்கொண்டு, வேலைக்குத் திரும்பினாள். அறை வாசலில் அவள் நிற்கும் இடத்தில் ராமுத்தாய் நின்றாள். மூன்று மாதமாக அந்தக் கேள்வியை அவள்தான் கேட்டு வந்தாள்.

"மதினி, மாத்திரை எதும் போட்டீகளா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். போர்மேன் நாகையாவும் பக்கத்தில் நின்று சிரித்தார். இல்லை என்று சொல்லியிருந்தால் உலகத்தில் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. முந்தின நாள் தண்ணீர்க் குடம் தூக்கியதில் விரல் குடைந்துகொண்டே இருந்தது.

"விடியக்காலம் ஒண்ணு போட்டேன்" என்றாள் வள்ளித்தாய்.

நாகையா பதறிப் போனார். "அட, மொத நாளாச்சே. ஒரே ஒரு மாத்திரைதானேம்மா, உள்ள போ."

"அந்தப் பிள்ளையும் அன்னைக்கு ஒரே ஒரு மாத்திரைதான் போட்டிருந்தா அண்ணாச்சி."

தூக்குவாளியின் பிடியை வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு லேபிள் கொட்டகைக்கு நடந்தாள். ராமுத்தாய் வாசலை விட்டு நகராமல், அடுத்து வந்தவளிடம் அதே கேள்வியைக் கேட்டாள். இந்தத் தடவை சிரிக்காமல் கேட்டாள்.