வெள்ளைக் கோட்டுக்குக் கீழே

மூன்று வருடங்களுக்கு முந்திய ஆடி மாதம். ஆரையம்பதிக்குத் தெற்கே, வாவிக்கரையோரம் இருக்கிற ஒரு மரக்கறித் தோட்டத்தில் நடந்தது இது. நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யார் மீது கோபம் என்று கேட்டால், முதலாவது ஆள் நான்தான். ஆனால் நான் மட்டும் இல்லை.

தோட்டத்தை நடத்தியவர் ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். மருந்து அடிக்காமல், கடை உரம் போடாமல், சாணமும் இலைகுழையும் மீன் கழிவும் மண்ணில் தாட்டு மரக்கறி செய்தார். பதினெட்டுக் குடும்பங்கள் அவரோடு சேர்ந்திருந்தோம். சிறுபோகம் தொடங்கும்போதே எல்லோரும் பங்குக் காசைக் கொடுத்துவிடுவோம். சனிக்கிழமைதோறும் அவர் விளைந்ததைப் பதினெட்டுப் பைகளில் சமமாகப் போட்டுத் தருவார். கூட விளைந்தால் கூட, குறைய விளைந்தால் குறைய. யாரும் முகம் சுளிக்கக் கூடாது என்பது பேச்சு. அதோடு ஏலுமானவர்கள் நாளுக்கு ஒருவராக முறை வைத்துக் காலையில் போய்த் தண்ணீர் ஊற்ற வேண்டும், களை பிடுங்க வேண்டும். என்னுடைய முறை செவ்வாய்க்கிழமை. கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன், வீட்டில் சும்மா இருக்கிறவன், ஒரு நாளும் தவறாமல் போனேன்.

அங்கே இருந்தது, சீமெந்து வளையங்கள் இறக்கிய ஒரேயொரு கொட்டுக் கிணறு. உள்ளே மூன்றாவது வளையத்தில் அவர் வெள்ளைப் பெயின்றால் ஒரு கோடு போட்டிருந்தார். தண்ணீர் இறங்கி அந்தக் கோடு வெளியே தெரிந்தால் அள்ளுவதை நிறுத்திவிட வேண்டும். அந்திவரை கிணறு ஊறட்டும். கோட்டுக்குக் கீழே இறைத்தால் அடியிலிருந்து வாவியின் உப்புத் தண்ணீர் ஏறிவிடும். இது எனக்குத் தெரியாத விடயமா? என் வீட்டுக் கிணறும் இதே மணலில்தான் இருக்கிறது. குழாய்த் தண்ணீர் வந்தபிறகு அதை எட்டிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். தெரியாமல் செய்தேன் என்று சொல்லி நான் தப்ப முடியாது.

அந்த மாதம் மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று அடித்த அடியில் எல்லாம் கருகியது. சனிக்கிழமைப் பை வரவரச் சிறுத்தது. ஒரு பிடி வெண்டிக்காய், ஒரு கட்டுப் பொன்னாங்காணி, இரண்டு கத்தரிக்காய். என் மனைவி பையைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டு, "ரெண்டு கத்தரிக்காய வச்சி என்ன கறி ஆக்கிற? பேசாமச் சந்தைக்குப் போங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பத்து மணிக்கே பயற்றங்கொடி தலையைத் தொங்கப்போடுகிறது, கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது, இந்தப் பெண் கோட்டைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்கிறாளே என்று உள்ளுக்குள் பொருமினேன். ஆளுக்கு உடம்பு வளையவில்லை என்றே முடிவு கட்டினேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் உன்னிச்சையில் ஒரு செத்தவீட்டுக்குப் போக வேண்டி வந்தது. தோட்டத்தை என்னிடம் ஒப்படைத்தார்.

"அம்பது வாளி போதும் சேர். கோடு தெரிஞ்சா நிப்பாட்டிருங்க. வாடினா வாடட்டும், அந்திக்கு நிமிந்திரும்."

தலையை ஆட்டினேன். அவர் பஸ் ஏறியதுதான் தாமதம், பக்கத்துக் காணிக்காரரிடம் தண்ணீர் மோட்டாரை இரவல் வாங்கிவந்து இறக்கினேன். மூன்று மணித்தியாலம் ஓடவிட்டேன். பாத்தியெல்லாம் தண்ணீர் நின்றது. கோடு எப்போது வெளியே வந்தது என்று நான் பார்க்கவே இல்லை. பார்க்க விரும்பவில்லை என்பதுதான் உண்மை. மோட்டார் ஓடுவதைப் படம் எடுத்து, தோட்டம் இன்றைக்குத்தான் வயிறாரக் குடித்தது என்று எழுதி, எங்கள் வட்ஸ்அப் குழுவில் போட்டேன். பதினைந்து பேர் கைதட்டினார்கள். அன்றைக்கு நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை முறைக்காரர் அதே கிணற்றில் அள்ளி ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார். மத்தியானம் அந்தப் பெண் வந்து தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்திருக்கிறார், உப்புக் கரித்திருக்கிறது. உடனே எனக்குப் போன் வந்தது. எவ்வளவு இறைத்தீர்கள் என்று கேட்டார். கொஞ்சம் கூட இறைத்திருப்பேன் என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். மோட்டார் கொடுத்தவர் வேலியடியில் நின்று எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லியிருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. நான் செய்த அடுத்த காரியம், குழுவில் போட்ட படத்தை அழித்தது.

வெள்ளிக்கிழமைக்குள் பயற்றங்கொடியின் இலைகள் ஓரம் கருகிச் சுருண்டன. வெள்ளரி படுத்துவிட்டது. கத்தரி பூவை உதிர்த்தது. சனிக்கிழமை பை இல்லை. வந்தவர்கள் தோட்டத்துக் கொட்டிலில் கூடி நின்று அவரைப் பிடித்துக்கொண்டார்கள். கிணறு உவர்த்துப்போனது என்று அவர் சொன்னார். ஏன் உவர்த்தது என்று ஒருவரும் பொறுமையாகக் கேட்கவில்லை. அவர் வாயைத் திறந்தால் இன்னொருவர் குறுக்கே விழுந்தார். அதுவரை 'நீங்கள்' என்று பேசிய ஒரு வங்கிக்காரர், "உனக்கு ஏலாட்டி ஏன் எங்களையும் சேத்துக் கெடுத்த?" என்றார். இன்னொருவர் எல்லோரையும் போல மருந்து அடித்திருந்தால் இப்படி வந்திருக்காது என்றார். மருந்துக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? கிணற்றைக் கொஞ்சம் கவனமாகப் பார்த்திருக்கலாம் என்றேன். என் வாயால். அந்த வாயை என்ன செய்தால் தகும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். அழவில்லை. முகம் சிவந்திருந்தது.

"சேர், நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

நல்ல மனதோடு நானாக முன்வந்து ஒப்புக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஓட வழி இல்லாமல்தான் சொன்னேன். மோட்டார் வாங்கியது, மூன்று மணித்தியாலம், போனில் சொன்ன பொய், அழித்த படம், எல்லாம் சொன்னேன். நாலு பேர் என்னை ஏசட்டும், ஏசினால் நெஞ்சு ஆறும் என்று காத்து நின்றேன்.

ஒருவரும் ஏசவில்லை. அந்த வங்கிக்காரர் என்னிடம் படித்தவர். அவர் என் தோளில் கையை வைத்து, "பரவால்ல சேர், நல்லதுக்குத்தானே செஞ்சீங்க" என்றார். மற்றவர்களும் சிரித்தார்கள். சேரும் விவசாயத்தில் இறங்கிவிட்டார் என்று ஒருவர் பகிடி விட்டார். காற்றையும் காலத்தையும் குறை சொல்லத் தொடங்கினார்கள். ஒரு நொடி எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. அந்த ஆறுதல்தான் என்னை இன்றைக்கும் எரிக்கிறது.

அந்தப் பெண் கொட்டிலைத் தாங்கிய கப்பைப் பிடித்தபடி சொன்னார்.

"நான் அரை மணித்தியாலமாப் பேச்சு வாங்கிட்டு நிக்கன். எனக்கு ஒராளும் பரவால்லண்டு சொல்லல்லயே."

ஒவ்வொருவராகச் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் எடுத்துக்கொண்டு நழுவினார்கள். மன்னிப்புக் கேட்க ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. மூன்று குடும்பங்கள் அந்தக் கிழமையே விலகிக்கொண்டன. தோட்டத்தில் நம்பிக்கை இல்லையாம். பிழை விட்டவன் நான் என்று தெரிந்த பிறகும் அவர்கள் நம்பிக்கை இழந்தது அவரிடம். நான் கடைத்தெருவில் போனால் அதே ஆட்கள் எழும்பி நின்று சுகம் விசாரிக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு கலன் தண்ணீரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். அவர் கருகிய கொடிகளை இழுத்துக் குவித்துக்கொண்டிருந்தார். செய்தது மகா பிழை என்றேன். "ஓம், பிழைதான்" என்றார். தண்ணீரை எங்கே ஊற்ற என்று கேட்டேன். மிளகாய்ப் பாத்தியைக் கையால் காட்டினார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மாரி மழை பிடிக்கும்வரை, வீட்டுக் குழாயில் பிடித்துத் தினமும் இரண்டு நடை. அவர் என்னோடு சிரித்துப் பேசவில்லை. பேச வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. மிளகாயில் பாதி தப்பியது. மிஞ்சிய சனிக்கிழமைகளில் பைக்குள் முருங்கை இலையும் கொஞ்சம் பச்சை மிளகாயும்தான் இருந்தன. அதையும் பதினைந்தாகச் சமமாகப் பிரித்து, எனக்கும் ஒரு பங்கு வைத்தார்.

மழைக்குப் பிறகு கிணறு தெளிந்தது. தோட்டம் இப்போதும் நடக்கிறது, நானும் செவ்வாய்க்கிழமை போகிறேன். ஆனால் யாராவது என்னைப் பார்த்து 'பரவாயில்லை சேர்' என்று சொல்லும்போதெல்லாம், அந்தச் சொல் கிடைக்காமல் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றுதான் முதலில் திரும்பிப் பார்க்கிறேன்.