ஜெசிந்தா அக்காவின் டிபன் பாக்ஸ் கவிதை

ஜெசிந்தா அக்கா இன்று காலை போய்விட்டார். ஹார்ட் அட்டாக் என்கிறார்கள்.

கிருஷ்ணன்கோவிலில் டிடிபி கடையைப் பாதி வேலையில் பூட்டிவிட்டு, ராஜபாளையம் பஸ்ஸில் நின்றபடி இதை டைப் செய்கிறேன். சீட் இருக்கிறது... உட்கார முடியவில்லை.

தெரியாதவர்களுக்கு: நண்பர்கள் சேர்ந்து வருடாவருடம் புதிய கவிதைகளின் தொகுப்பு ஒன்று போடுகிறோம். பெரிய கவிஞர்களும் இருப்பார்கள், முதன்முதலாக எழுதுகிறவர்களும் இருப்பார்கள். பெயரை எடுத்துவிட்டு நம்பர் மட்டும் போட்டுத்தான் தேர்வு. அதில் எங்களுக்கு ஒரே பெருமை. தேர்வு முடிந்ததும் பெயர்களைத் திரும்பப் போடுவது என் வேலை.

அக்காவுக்கு ஸ்பின்னிங் மில்லில் வேலை. எழுதி அனுப்ப மாட்டார். ஷிப்ட் முடிந்து வரும் வழியில் வாட்ஸப்பில் வாயால் சொல்லி அனுப்புவார், நான் கேட்டு டைப் செய்வேன். அவர் எங்கே மூச்சு விடுகிறாரோ அங்கே வரியை உடைப்பேன்.

முதல் கவிதை அச்சில் வந்ததும் போன் செய்தார். "தம்பி, ஆறாவது வரில நான் மூச்சு விடல. பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிச்சான், அதான் நிறுத்துனேன்."

அந்த வரி உடைப்பை ஏற்கெனவே இரண்டு பேர் பாராட்டியிருந்தார்கள். நான் மூச்சு விடவில்லை.

அடுத்த வருடம் டிபன் பாக்ஸ் கவிதை. கணவர் இறந்த பிறகும் காலையில் கை தானாக இரண்டு டப்பாக்களை எடுத்து வைப்பதைப் பற்றி. யாருக்கும் மறுபேச்சு இல்லாமல் எடுத்த கவிதை அது.

அதில்தான் சொதப்பினேன். பெயர் போடும்போது இரண்டு நம்பரை மாற்றிவிட்டேன். அக்காவின் கவிதைக்கு மேலே ஒரு மூத்த கவிஞரின் பெயர். அவருடைய கடல் கவிதைக்கு மேலே அக்கா பெயர்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வெளியீடு. புதியவர்கள் மேடையேறி, புத்தகத்தில் தங்கள் பக்கத்தைத் திறந்து வாசிப்பது எங்கள் வழக்கம். அக்கா மில்லிலிருந்து ஏழெட்டுப் பேரைக் கூட்டி வந்திருந்தார். பக்கத்தைத் திறந்தார்... கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிறகு அந்தக் கடல் கவிதையைத் தடுமாறாமல் வாசித்து முடித்தார். நல்ல கைதட்டல்.

நீ எப்போது கடலைப் பார்த்தாய் என்று கூட வேலை செய்யும் பேச்சியம்மா கேட்டார். சினிமாவில் பார்த்தேன் என்றார் அக்கா.

அக்காவைத் தனியாகப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "பிள்ளைக லீவு போட்டு வந்திருக்காளுக தம்பி. வாசிக்காம எறங்குனா நல்லாவா இருக்கும்? அடுத்த வருசம் டிபன் பாக்ஸ என் பேர்ல போட்டுருங்க."

சரிக்கா என்றேன்.

போடவில்லை. ஏற்கெனவே அச்சான கவிதையைச் சேர்ப்பதில்லை என்று ஒரு விதி, அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். திருத்தச் சீட்டாவது ஒட்டியிருக்கலாம். எங்கள் நம்பர் முறையைப் பார்த்துச் சிரிப்பார்களே என்று அதையும் செய்யவில்லை. அந்தக் கவிதைக்கு வந்த பாராட்டை மூத்த கவிஞர் வாங்கிக்கொண்டார். அவரும் வாய் திறக்கவில்லை.

மூன்று வருடம். அக்காவிடமிருந்து அப்புறம் ஒரு கவிதைகூட வரவில்லை. குட் மார்னிங் மட்டும் வரும்.

இந்த வருடம் விதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதை அவர் பெயரில் சேர்த்துவிட்டேன். போன வாரமே புரூஃப் ரெடி. மேடையில் சர்ப்ரைஸாக இருக்கட்டும் என்று அக்காவிடம் சொல்லவில்லை... ஒரு போன் செய்திருக்கலாம். என்ன மனுஷன் நான்.

இப்போது பேச்சியம்மா கூப்பிட்டார். "அக்காவோட கடல் கவிதைய எடுத்துட்டு வாங்க சார். பெட்டிய மூடுறதுக்கு முன்னால வாசிக்கணும்."

சரி என்று வைத்துவிட்டேன். மறுபடியும் சரி என்றுதான் சொன்னேன்.

பையில் இருப்பது டிபன் பாக்ஸ் பக்கம். மேலே உங்கள் பெயர்தான் அக்கா. நான்கு தடவை பார்த்துவிட்டேன்.

ராஜபாளையம் வந்துவிட்டது. முதலில் பேச்சியம்மாவிடம் சொல்ல வேண்டும்...

வாரேன்க்கா.