மூன்று சாவிக்காரர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை தலவாக்கலையில் பஸ் ஏறி, லிந்துலைப் பக்கத் தோட்டமொன்றில் இருக்கும் தங்கை புஷ்பத்தைப் பார்க்கப் போனேன். போன இடத்தில் ஒரு கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன். தலைப்பு – 'தண்ணீர்த் திட்டத்தில் யாருக்கு என்ன பொறுப்பு?'

நல்ல தலைப்புத்தான். ரிப்பன் வெட்டி, மாலை போட்டு, கேக்கும் சாப்பிட்டு முடித்த பிறகாவது யோசிக்கிறார்களே!

விஷயம் இதுதான். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்கு மேலே, மேட்டில், புத்தம் புதிய தண்ணீர்த் தாங்கி. இரவில் வால்வை மூடினால் நிரம்பும். காலையில் திறந்தால் குழாய்களில் தண்ணீர் வரும். ஓர் ஆள் போய்த் திருகினால் போதும்.

ஆனால் திட்டக் குழுவில் இருப்பவர்கள் கோயில் கமிட்டியின் அதே தலைவர், செயலாளர், பொருளாளர். கோயில் உண்டியலுக்கு மூன்று பூட்டு, ஆளுக்கொரு சாவி. மூவரும் சேர்ந்து வந்தால்தான் திறக்கலாம். நாணயமான ஏற்பாடு... அதை அப்படியே வால்வுப் பெட்டிக்கும் செய்துவிட்டார்கள்! உண்டியலை வருஷத்துக்கு ஒருமுறை திறக்கலாம். தண்ணீரை?

தாங்கி நிரம்பித் தேயிலைக்குள் வழிகிறது. குழாயில் காற்று வருகிறது.

திட்டத்துக்கு உதவிய நிறுவனத்தின் அதிகாரி கேட்டார்: "காலையில வால்வத் திறக்கிறது யாரு?"

தலைவர் ஹட்டனில் கடை வைத்திருப்பவர். ஞாயிறு மட்டும்தான் தோட்டத்துக்கு வருவார். "நான் தலைவருங்க. மேற்பார்வை மட்டுந்தான்."

செயலாளர் சொன்னார்: "கூட்டம் கூட்டுறதுதாங்க என் வேல. இந்தா, கூட்டியிருக்கேன்ல?"

"நான் எப்பவும் ரெடிங்க" என்றார் பொருளாளர். "அவங்க ரெண்டு பேரும் வரணுமே!"

எட்டு மாத வயிற்றோடு பின்னால் நின்ற புஷ்பம் பொறுக்க முடியாமல் பேசினாள். "நான் ஊத்துத் தண்ணி விழுற பீலிக்குப் போய்த்தாங்க குடத்துல தூக்குறேன். பாதையெல்லாம் வழுக்குது. ரெண்டு பூட்டக் கழட்டிட்டு, ஒரு சாவிய லயத்துல யாருகிட்டயாச்சும் குடுங்களேன்."

தலைவர் பதறிப்போனார். "அப்ப எங்க மூணு பேருக்கும் என்னம்மா பொறுப்பு?"

நியாயமான கவலை! உடனே, இதை ஆராய ஓர் உபகுழு அமைத்தார்கள். கைதட்டினார்கள். எல்லோருக்கும் தேநீர் கொடுத்தார்கள். அதற்கும் பீலியிலிருந்து தண்ணீர் தூக்கி வந்தவள் புஷ்பம்தான்.

மறுநாள் காலை என் வீட்டுக்குப் போன் வந்தது. பீலிப் பாதையில் புஷ்பம் குடத்தோடு வழுக்கி விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லும் வரை எனக்கு உயிரே இல்லை. சொன்ன பிறகு வந்தது பாருங்கள் ஒரு கோபம்... அந்தச் சாவிகளை வாங்கிப் பீலியிலேயே வீசலாமா என்றிருந்தது.

 அவள் புருஷன் ரவி அவளை வீட்டில் கொண்டுவந்து படுக்க வைத்தான். இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு மேலே ஏறினான். மூன்று பூட்டையும் உடைத்துப் போட்டுவிட்டு வால்வைத் திறந்தான். லயம் முழுக்கக் குழாய்களில் தண்ணீர் கொட்டியது. பொம்பிளைகள் குடத்தோடு வெளியே ஓடி வந்தார்கள்.

திட்டக் குழு சும்மா இருக்குமா? மாலையிலேயே வீட்டு வாசலுக்கு விசாரணை வந்துவிட்டது. "பூட்ட ஒடச்சது யாரு? யாராச்சும் பொறுப்புச் சொல்லணும்ல?"

வந்தது யார் என்கிறீர்கள்? ஹட்டனிலிருந்து ஆட்டோ பிடித்து வந்த தலைவர், செயலாளர், பொருளாளர்... மூன்று பேரும், ஒன்றாக!