பாலிசியில் ஹெப்சியின் பெயர்

ஹெப்சி தாம்பரத்தில் இன்சூரன்ஸ் ஏஜென்ட். கோடை விடுமுறையில் பிள்ளைகளின் விளையாட்டு முகாம்களுக்கு விபத்துக் காப்பீடு எடுத்துத் தருவாள். நீச்சல், ஸ்கேட்டிங் என்று எதைக் கேட்டாலும், யாரோ விழுவதுதான் அவள் மனக்கண்ணில் ஓடும். பதினெட்டு வருஷமாக அப்படித்தான்.

இந்த மே மாதம் பெயர்ப் பட்டியல் வாங்கப் பெருங்களத்தூர் முகாமுக்குப் போனாள். அங்கே முப்பதடிச் சுவரில் ஒரு சிறுமி கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தாள். ஹெப்சி வந்த வேலையை மறந்து அண்ணாந்து நின்றாள்.

"நீங்களும் ஏறுறீங்களா மேடம்?" என்றாள் பயிற்சி தரும் தீபலட்சுமி.

"எனக்கு நாற்பத்தாறு வயசும்மா. பாலிசியிலயும் நான் இல்லையே."

"வாலண்டியர்னு உங்க பேரையும் சேர்த்துக்கோங்க."

சிரித்தபடியே சேர்த்துக்கொண்டாள்.

பாலிசி தொடங்கிய அன்று காலையில் நிஜமாகவே வந்து ஏறினாள். பாதியில் கால் வழுக்கியது. கயிறு அவளைத் தாங்கி, காற்றில் மெல்ல ஆட்டியது. விழுவது இவ்வளவு மெதுவாக இருக்குமென்று அவள் நினைத்ததே இல்லை. மறுபடி சுவரைப் பற்றி உச்சிக்குப் போனாள். ஜிஎஸ்டி சாலையில் பேருந்துகள் ஓசையில்லாமல் ஊர்வது போலிருந்தது. தூரத்து ஏரி வெயிலில் மிதந்தது.

"இறக்கட்டுமா மேடம்?"

"கொஞ்ச நேரம் இங்கயே இருக்கேனே," என்றாள் ஹெப்சி.