ஆமை ஏறாத பலகை

எழுபதை நெருங்கும் வயதிலும் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றில் பாத்திரங்களுக்குப் பளபளப்புப் பூசுகிறவர், எனக்குத் தெரிந்தவர் ஒருவர். ஒல்லியான ஆள். எந்தச் சாமானைக் கண்டாலும் நகத்தால் சுண்டிப் பார்ப்பார்.

எங்கள் கிணற்று வாளியில் ஓர் ஆமை வந்தது. பெருமாளே கூர்மமாக வந்தார் என்று எண்ணி, மீன் செத்துக் காலியாகக் கிடந்த கண்ணாடித் தொட்டியில் விட்டேன். ஏறி உலர இடமில்லாமல் அதன் ஓடு ஊறி வெளுத்தது, இரையையும் தொடவில்லை. சரிவாக வைக்க அவரிடம் ஒரு பீங்கான் பலகை கேட்டேன். கொண்டுவந்தார். அந்தப் பளபளப்பில் ஆமை வழுக்கி வழுக்கி விழுந்தது. இரண்டாவது பலகையிலும் அப்படியே.

“பூச்சு இல்லாம குடுங்களேன்!” என்றேன் எரிச்சலோடு.

“சாமின்னு சொல்றீங்க. சாமிக்குப் போயி மொட்டையா குடுப்பாங்களா? பாக்கறவங்க என்னைத்தான் சிரிப்பாங்க.”

மூன்றாவது இன்னும் பளபளத்தது. அவர் போனதும் கோபத்தில் அதைக் கவிழ்த்து வைத்தேன். பூச்சுப் படாத சொரசொரப்பான அடிப்பக்கத்தில் ஆமை ஏறி, வெயிலுக்குக் கழுத்தை நீட்டியது. கைகூப்பினேன்.

மறுநாள் வந்தவர் வெகுநேரம் பார்த்தார்.

“ஏறிடுச்சுங்க. ஆனா என் வேலைய தண்ணியில குப்புற போட்டுட்டீங்களே.”

டீ வேண்டாமென்று போய்விட்டார், பிறகு வரவேயில்லை. ஆமை பிழைத்தது. அவரிடம் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் இன்றும் தெரியவில்லை.