நல்லா துடைங்க

மின்விசிறியைத் துடைக்கும் வேலை மனைவியுடையது. அவள் ஏறி நிற்கும் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளும் வேலை கணவருடையது. பல வருடமாக இந்த ஏற்பாடு ஒழுங்காகத்தான் நடந்து வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஸ்டூலுக்கு முழங்காலை முட்டுக்கொடுத்துவிட்டு, இரண்டு கைகளாலும் அவர் மனைவியின் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

குடியிருப்பில் அவருக்கு ‘அப்டேட்’ என்று பெயர். பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக். அவர் பார்த்துக்கொள்ளும் பதினான்கு லிஃப்டுகளும் ஒழுங்காக ஏறி இறங்குகின்றன. காரணம், கம்பெனிக் கையேட்டில் சொல்லாத திருகாணியைத் தொட்டால் வேலை போய்விடும். வீட்டுக்குக் கையேடு கிடையாது. அதனால் வாசலில் அழைப்பு மணியை அழுத்தினால் குளியலறையில் விளக்கு எரியும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த சுவர்க்கடிகாரம் அவர் கைபட்ட நாளிலிருந்து ஓய்வெடுக்கிறது.

“கெட்டுப்போனதை எவன் வேணா ரிப்பேர் பண்ணுவான். நல்லா இருக்கறதை இன்னும் நல்லா ஆக்கறதுக்குத்தான் மூளை வேணும்” என்பார். அந்த மூளை அவரிடம் தேவைக்கு மேலேயே இருந்தது.

மூன்று வாரமாக அந்த மூளை மனைவியின் போனைச் சுற்றி வந்தது. போன் மெதுவாக வேலை செய்கிறது என்று அவள் சொல்லவில்லை, அவருக்குத் தோன்றியது. செய்த கம்பெனி அந்தப் போனைக் கைகழுவிவிட்டதாம். அவர்களுடைய சிஸ்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, வேறு யாரோ இலவசமாகத் தரும் இன்னொன்றை ஏற்றலாமாம். எங்கோ படித்திருந்தார்.

“போன் நம்மது. உள்ள உக்காந்து நாட்டாமை பண்றது அவன். குடியிருக்கறவனைக் காலி பண்ணச் சொல்ல வீட்டுக்காரனுக்கு உரிமை இல்லையா?”

“அப்ப முதல்ல உங்க போன்ல இருக்கறவனைக் காலி பண்ணுங்கப்பா” என்றாள் பத்தாவது படிக்கும் மகள், புத்தகத்திலிருந்து தலை தூக்காமல்.

“என் போன்ல ஆபீஸ் விஷயமெல்லாம் இருக்குடி.”

அம்மாவின் போனில் என்ன இருந்துவிடப் போகிறது! ஆனாலும் பொறுப்பான மனிதர். தொடர்பு எண்களையும் நானூற்றுச் சொச்சம் படங்களையும் முந்தின ராத்திரியே கம்ப்யூட்டரில் எடுத்து வைத்தார். படங்களில் பாதி அவரே அவளுக்கு அனுப்பிய லிஃப்ட் மோட்டார்கள். காலையில் ஸ்டூலுக்குப் பக்கத்திலேயே கம்ப்யூட்டரை வைத்துக் கேபிளை மாட்டி, திரை சொன்ன இடங்களில் எல்லாம் அமுக்கிக்கொண்டே போனார். கடைசியாக அது ஒரு கேள்வி கேட்டது: அனைத்தையும் துடைக்கவா?

மனைவியின் பொருளில் தன்னிச்சையாக முடிவெடுக்கும் ஆள் இல்லை அவர். தலையை நிமிர்த்திக் கேட்டார்.

“துடைச்சுடட்டுமா?”

அவள் விசிறியின் மூன்றாவது இறக்கையில் இருந்தாள். தூசி கொத்துக் கொத்தாக உதிர்ந்து, போன் திரையிலும் அவர் வழுக்கையிலும் விழுந்துகொண்டிருந்தது.

“இதை வேற கேக்கணுமா? நல்லா துடைங்க. இண்டு இடுக்கெல்லாம் போயிருக்கும்.”

இண்டு இடுக்கு விடாமல் துடைத்தார்.

நாற்பது நிமிடத்தில் புதிய ஆட்சி அமைந்தது. போன் வழவழவென்று திறந்து, எந்த மொழியில் பேசலாம் என்று மரியாதையாக விசாரித்தது. அவள் கைகழுவிவிட்டு வந்து, பின்னறைத் தையல் மேசையில் துணியை விரித்து, கத்தரிக்கோலை எடுத்து வைத்துக்கொண்டு போனுக்காகக் கை நீட்டினாள்.

பத்து வருடமாக அக்கம்பக்கத்துக்குத் தைப்பவள். இப்போதுதான் முதல்முறையாக வெளி ஆர்டர்: பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒரு வார்டு நர்சுகள் பத்தொன்பது பேருக்குச் சீருடை. வியாழக்கிழமை கொடுக்க வேண்டும். சரியாக வந்தால் மற்ற வார்டுகளும் அவளுக்கே. அளவெடுக்கும்போது இரண்டு கையும் டேப்பில் இருக்கும், பேனா பிடிக்க மூன்றாவது கை கிடையாது. அதனால் போனை மேசையில் வைத்துவிட்டு வாயால் சொல்லிப் பதிவு செய்துகொள்வாள். ‘தோள் பதினஞ்சு. வலது பக்கம் அரை இஞ்ச் இறக்கம். இடுப்பு முப்பத்தெட்டு, முப்பத்தாறுன்னு சொல்றாங்க, நம்ப வேண்டாம்.’

“அந்தச் செவப்பு மைக் படம் எங்க?”

“எந்த மைக்?”

“அளவெல்லாம் அதுலதானே பேசி வச்சிருக்கேன்!”

“போட்டோவெல்லாம் இருக்கு. நம்பரெல்லாம் இருக்கு. நீ பேசி வச்சிருப்பேன்னு நான் கனவா கண்டேன்? கேட்டுட்டுத்தானே செஞ்சேன்? நல்லா துடைங்கன்னு நீதானே சொன்ன?”

“தூசியைச் சொன்னேன்!”

“கையில துணியா வச்சிருந்தேன் நான்?”

“உங்க கை ஸ்டூல்லதான் இருக்கும்னு நெனச்சேன்!”

“சட்டப்படி அப்பா மேல தப்பில்லைம்மா. முறையா அனுமதி வாங்கித்தான் குடியைக் கெடுத்திருக்காரு” என்றாள் மகள் கதவோரம்.

“நீ சும்மா இரு” என்றார்கள் இருவரும். அன்று அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

அவள் கண்ணை மூடிக்கொண்டு ஞாபகத்திலிருந்து சொல்லிப் பார்த்தாள். முதல் ஐந்து பேர் வந்தார்கள். ஆறாவது நர்சின் தோளில் எட்டாவது நர்சின் கை முளைத்தது. கத்தரிக்கோலை மூடி வைத்துவிட்டாள். வெட்டிய துணி ஒட்டாது.

பெரிய நர்சின் எண் பத்திரமாக இருந்தது; அந்த மட்டும் புண்ணியம். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள்.

“அளவெடுத்து அஞ்சு நாளாச்சு. இன்னும் கத்தரியே வைக்கலையா?”

“இன்னொரு தடவை எடுத்துக்கறேன் மேடம். என் தப்புதான்.”

‘என் தப்பு’ என்றதும் அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் பார்க்கவில்லை.

“ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும். அப்பதான் எல்லாரும் இருப்பாங்க. அரை மணி நேரம், அதுக்கு மேல ஒருத்தரும் நிக்க மாட்டாங்க. இதுலயும் தப்பு வந்தா துணியைத் திருப்பிக் குடுத்துடும்மா. வேற ஆளைப் பாத்துக்கறோம்.”

பத்தொன்பது பேர், முப்பது நிமிடம். அவள் டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

“கணக்கு நோட்டுல எழுதாத பக்கம் எவ்வளவு இருக்கு?” என்று மகளைக் கேட்டாள்.

“நெறைய இருக்கும்மா.”

“எடுத்துக்க. நான் சொல்லச் சொல்ல நீ எழுது. ரெண்டு பேனா.”

மகள் செருப்பு மாட்ட ஓடினாள். அவர் அதுவரை குனிந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தார். இப்போது முகம் மலர எழுந்து வந்து, போனை மனைவியின் முன்னால் நீட்டினார்.

“இந்தா, புது ரிக்கார்டர் ஒண்ணு ஏத்திட்டேன். பழசு இதுக்குப் பக்கத்துல நிக்க முடியாது. மூச்சு விட்டாக்கூடப் பதிவாகும். ஒரு தடவை பேசிப் பாரேன்?”

நீட்டிய கையைச் சுற்றிக்கொண்டு அவள் அறையை விட்டுப் போனாள்.