நூருன்னிசாவின் பார்லிப் பால்

வெண்ணெய் தடவும் கத்தியின் முதுகால் கரண்டியை ஒரே இழுப்பில் வழிக்கிறார் நூருன்னிசா. மிஞ்சிய பால் மாவு டின்னுக்குள் உதிர்கிறது. கரண்டியைக் கண் உயரத்துக்குத் தூக்கிப் பார்க்கிறார். மட்டமாக இருந்தால் புட்டிக்குள் போகும். கடுகளவு குழி தெரிந்தாலும் டின்னுக்கே திரும்பும். மாவை வழிப்பதற்கென்று டின்னின் வாயிலேயே ஒரு விளிம்பு வைத்திருக்கிறார்கள். அதை அவர் பயன்படுத்துவதில்லை. "அது கம்பெனிக்காரன் கை. இது என் கை" என்பார்.

அந்த நேரத்தில் வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒருமுறை அவர் கணவர் அப்துல் அலீம் கூடத்திலிருந்து, "எனக்கும் ஒரு காப்பி" என்று குரல் கொடுத்துவிட்டார். போட்டது இரண்டு கரண்டியா மூன்றா என்று சந்தேகம் வந்துவிட்டது. புட்டியை அப்படியே தொட்டியில் கவிழ்த்துவிட்டு, கெட்டிலில் மறுபடி தண்ணீர் ஏற்றினார். "உங்க காப்பிக்குக் குவிச்சு அள்ளிக் கொட்டலாம். இது அப்படி இல்ல லா!"

பிடோக்கில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் நான்காம் மாடியில் இருபத்தேழு வருடங்களாகப் பிறர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். வயது அறுபது. பெற்றோர் பெரும்பாலும் சாங்கி விமான நிலையத்தில் வேலை செய்பவர்கள். சரக்குப் பிரிவு, விமானச் சமையல்கூடம், துப்புரவு என்று ஷிஃப்டில் ஓடுகிறவர்கள். விடியும் முன்பே பிள்ளையோடு வந்து கதவைத் தட்டுவார்கள். பிள்ளை வளர்ந்து போனதும் அதன் முதல் பால் டின்னில் மண் போட்டு ஏதாவது நட்டுவிடுவார். வாசல் நடைபாதையில் வரிசையாக நிற்கின்றன: கறிவேப்பிலை, கற்பூரவள்ளி, வாசனைக்குப் போடும் பாண்டான் இலை. ஒவ்வொரு டின்னிலும் ஒரு பெயர். சில பெயர்கள் இப்போது ராணுவத்தில் இருக்கின்றன. ஒன்றுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது.

அவருக்கு இன்னொரு பழக்கம் உண்டு. கையில் வரும் குழந்தையின் முகத்தை முதலில் பார்க்கமாட்டார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நேராக உச்சிக்குப் போகும். ஒரு கணம் அங்கே நிற்கும். அதற்குப் பிறகுதான், "என்னடா ராசா, தூங்குனியா?" என்பார். வளர்ந்த பிறகும் எங்களை விடமாட்டார். தேர்வு நாட்களில் பள்ளிச் சீருடையோடு நான் அவர் வாசலில் தலைகுனிந்து நின்றிருக்கிறேன். பட்டமளிப்பு நாளன்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அன்றிலிருந்து அவருக்கு என் பெயர் 'டிகிரி'. அந்த விரல்களை நான் ஆசி என்றே எடுத்துக்கொண்டேன்.

அப்பா பேருந்து ஓட்டினார். அம்மா விமானப் பயணிகளுக்கான சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கினார். இரண்டு மாதக் குழந்தையாக நான் இந்த வீட்டுக்கு வந்தேன். எனக்கு நினைவிருக்கும் முதல் ருசியே இவருடைய பார்லிப் பால்தான். தேக்கா சந்தையில் வாங்கிய பார்லியைக் குழைய வேகவைத்து, பாண்டான் இலையை முடிச்சுப்போட்டு இறக்கி, கேனில் வரும் கெட்டிப் பாலும் சர்க்கரையும் சேர்த்துத் தருவார். பாலர் பள்ளி விட்டு வந்ததும் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து குடிப்போம். மேலுதட்டில் வெள்ளை மீசை முளைக்கும். மாலை வெயில் சன்னல் கம்பிகளின் வழியாக எங்கள் முழங்கால்களில் கோடு போடும். வேலை முடிந்து ரயிலில் வரும் நாட்களில் இன்றைக்கும் எங்கிருந்தோ பாண்டான் வாசம் வந்தால் எனக்குக் கால் நீட்டி உட்காரத் தோன்றுகிறது.

போன மாதம் லிப்டில் அதைத்தான் சொல்லித் தொலைத்தேன்.

கேட்டவர் நிவேதிதா, ஆறாம் மாடிக்காரர். திருச்சியிலிருந்து வந்து மூன்று வருடம் ஆகிறது. சாங்கியில் சரக்கு அலுவலக வேலை. அவருடைய மகன் ரித்திக்குக்கு மூன்று மாதம். பகலெல்லாம் நூருன்னிசாவிடம் இருக்கிறான். வேலைக்குத் திரும்பியதும் தாய்ப்பால் பாதியாகக் குறைந்துவிட்டதாம். டின் பாலைக் குடித்தால் கக்குகிறானாம். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "நான்லாம் நூரு ஆன்ட்டியோட பார்லிப் பால் குடிச்சு வளர்ந்தவதான்" என்றேன். அலுவலகத்தில் மற்றவர்கள் எழுதும் அறிக்கையில் ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் கேட்பது என் வேலை. என் சொந்த வரிக்கு அன்று நான் எதையும் கேட்கவில்லை.

சனிக்கிழமை நான் அங்கே போயிருந்தபோது நிவேதிதா குழந்தையை நூருன்னிசாவிடம் கொடுத்துவிட்டு ஒரு பையை மேசைமேல் வைத்தார். பார்லி, இரண்டு கேன் பால், சர்க்கரை.

"இனிமே டின் பால் வேணாம் ஆன்ட்டி. வீட்டுலயே செய்யற பாலை நெறைய பேர் வீடியோல காட்டறாங்க. உங்களுக்குத்தான் கைப்பக்குவம் இருக்கே. இதையே காய்ச்சிக் குடுங்க."

நூருன்னிசா பையை எட்டிப் பார்த்தார். "யாரு சொன்னா?"

நிவேதிதா என்னைப் பார்த்தார். "அனுதான். அதைக் குடிச்சுத்தானே இவங்க டிகிரி வாங்குனாங்க."

"செய்ய முடியாது."

"ஏன் ஆன்ட்டி? இவங்களுக்கு மட்டும் செஞ்சீங்க..."

"முடியாதுமா."

"அப்படின்னா நானே காய்ச்சிக் குடுத்துக்கறேன். திங்கக்கிழமையிலேர்ந்து வேற ஆள் பாத்துக்கறேன்." நிவேதிதா குழந்தையைத் தூக்கக் கை நீட்டினார்.

நூருன்னிசா குழந்தையை விடவில்லை. என் பக்கமும் திரும்பவில்லை.

"டிகிரி குடிச்சது நாலு வயசுல. அது சரி. அப்ப சோறே தின்னா. அதுக்கு முன்னாடி ஒருதரம் குடிச்சா. இதே மூணு மாசத்துல."

அப்துல் அலீம் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"இவ அம்மாவுக்கும் பால் கொறஞ்சுபோச்சு. டின் பாலைக் கக்குனா. என் ரெண்டு பசங்களுக்கும் நான் கேன் பாலும் பார்லித் தண்ணியும்தான் குடுத்தேன், ஒண்ணும் ஆகல. அந்தத் தைரியம். பத்து நாள் ஜோரா குடிச்சா. பதினோராவது நாள் வயித்தால போச்சு, வாந்தி. மத்தியானம் உச்சியத் தொட்டேன். விரல் உள்ள போற மாதிரி குழி. ஒடம்புல தண்ணி வத்திப்போனா அப்படித்தான் அமுங்கும். செருப்பு கூடப் போடல, தூக்கிட்டு ஓடுனேன்."

"ஆஸ்பத்திரில?" என்றார் நிவேதிதா, மெதுவாக.

"எட்டு நாள். நர்ஸ் கேட்டா, குழந்தைக்கு என்ன குடுத்தீங்கன்னு. நான் பெருமையா சொன்னேன்மா. எவ்ளோ பார்லி, எவ்ளோ சர்க்கரை, எல்லாம். எழுதிட்டே இருந்தவ நிறுத்திட்டு என்னையே பாத்தா." குழந்தையின் கழுத்துத் துணியைச் சரிசெய்தார். "டாக்டர் திட்டவே இல்ல. மூணு மாசக் குடலும் கிட்னியும் இதத் தாங்காது, அதுக்கு வேண்டிய சத்தும் இதுல இல்ல, வீட்டுல காய்ச்சுனா கிருமி வேற சேருதுன்னு பொறுமையா சொன்னாரு. திட்டியிருந்தா மறந்திருப்பேன்."

நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன். "அம்மா இதைச் சொன்னதே இல்லையே ஆன்ட்டி."

"அவளா சொல்லுவா? வார்டுலேர்ந்து வந்த அடுத்த திங்கக்கிழமை உன்னைத் தூக்கிட்டு இதே வாசல்ல வந்து நின்னா. 'இந்தாங்க அக்கா'ன்னு நீட்டுனா. நான் கை நீட்டல. ஸ்டூல்ல உக்காந்திருந்தேன், மடியில வச்சிட்டு பஸ்ஸுக்கு ஓடிட்டா. அன்னைக்குச் சாயந்திரம் போயி வாங்குனதுதான் இந்தக் கத்தி."

நிவேதிதா நாற்காலியில் உட்கார்ந்து அழத் தொடங்கினார். நூருன்னிசா அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"பால் கொறையறது உன் தப்பு இல்ல லா. கக்குறான்னா பாலிகிளினிக்ல காட்டு. எந்தப் பால் ஒத்துக்கும்னு அவங்க சொல்லட்டும். பால் ஊற வைக்கறதுக்குக் கூட அங்க நர்ஸ் இருக்காங்க. என்ன மாதிரி ஆளு சொல்றதக் கேக்காத. இந்த டிகிரி சொல்றத சுத்தமா கேக்காத."

நிவேதிதா அழுகையோடு சிரித்துவிட்டார். "திங்கக்கிழமை காலைல லீவு போட்டுக் கூட்டிட்டுப் போறேன். மத்தியானம் இங்க கொண்டாந்து விடவா?"

"விடாம எங்க போவ?"

கெட்டில் கொதித்தது. நூருன்னிசா குழந்தையைத் தாயின் மடியில் கொடுத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தண்ணீர், மாவு, கத்தி. யாரும் பேசவில்லை. மூடிய புட்டியைக் குழாய் நீரில் காட்டி ஆறவைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து நிவேதிதாவின் கையில் கொடுத்தார். பிறகு மேசைமேலிருந்த பையைப் பிரித்தார். "பார்லிய ஏன் வீணாக்கணும்? நமக்குப் பல்லு இருக்கு" என்று அடுப்பில் வைத்தார். வாசல் டின்னிலிருந்து பாண்டான் இலையைக் கிள்ளிவரச் சொன்னார். போனேன். அந்த டின்னில் ஒட்டிய தாள் பழுப்பேறியிருந்தது. அதில் என் பெயர்.

பெரியவர்கள் நால்வரும் குடித்தோம். ருசி மாறவில்லை. வெயில் வழக்கம்போல் சன்னல் கம்பிகளைத் தரையில் போட்டிருந்தது. கால் நீட்டி உட்கார எனக்கு மனம் வரவில்லை. ரித்திக் தாயின் மடியில் பாதிப் புட்டியிலேயே தூங்கிப்போனான்.

கிளம்பும்போது வாசலில் குனிந்து செருப்பு மாட்டினேன். நிமிரும் முன்பே நூருன்னிசாவின் கை வந்துவிட்டது. இருபத்தாறு வயதுத் தலையின் வகிட்டைத் தேடி இரண்டு விரல்களை வைத்து, மெதுவாக அழுத்திப் பார்த்தார்.